வீரா பார்க்கிற முகம்

ஜூன் 4, புதன்

மேல்காற்று. கொடியில் கிடந்த துணியில் பாதி பக்கத்து வீட்டு மாடியில். மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு எங்கள் நாய் வீராவை ஊசிக்குக் கூட்டிப்போனேன்.

சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. வாங்கும்போது அதைத்தான் பார்த்தோம். குட்டியாக வந்தது, இப்போது என் இடுப்புக்கு நிற்கிறது. டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, அதன் பின்பக்கம் போய் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினார். திரும்பவில்லை. இன்னும் பலமாக. காது மடல்கூட அசையவில்லை.

"இதுக்குக் காது கேக்காது சார். வெள்ளையில சிலது இப்பிடிப் பொறந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "படுன்னா படுக்குது. அதட்டுனா மூலைக்குப் போயிருது. வீட்ல எஞ்சொல்லுக்கு மட்டுந்தான் அடங்கும் டாக்டர்."

"சொல்லு அதுக்கு எங்க கேக்குது? உங்க மொகத்தப் பாத்து அடங்குதோ என்னமோ."

வரும் வழியெல்லாம் அதே யோசனை. நான் வீட்டிலும் சரி, மில்லிலும் சரி, யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஞாயிறு ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டார் என் மகள் மகேஸுக்குப் பூ வைக்க வருகிறார்கள். வாங்க: ரவை, முந்திரி, வெற்றிலை. வாடகை நாற்காலிக்குச் சொல்ல.

ஜூன் 5, வியாழன்

காலையில் வீராவை வைத்து ஒரு சோதனை. எதிரே உட்கார்ந்து, சிரித்த முகமாக, "ஏலே, ஒன்னய வித்துப்புடுவேன், சோறு கெடையாது" என்றேன். வால் ஆடியது. மடியில் காலைத் தூக்கி வைத்தது. பிறகு மில் முகத்தை வைத்துக்கொண்டு, "என் தங்கம், என் ராசா." அப்படியே படுத்துவிட்டது. மெல்ல நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போனது.

அடுப்படியிலிருந்து என் மனைவி சாந்தி, "நாய்கிட்ட என்ன நாடகம்? ஷிப்டுக்கு நேரமாகல?"

மில் முகம் என்று நானே எழுதிவிட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா? ஸ்பின்னிங் ஷெட்டில் மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. காதில் பஞ்சு. எல்லாமே கையும் முகமும்தான். விரலைச் சுற்றினால் நூல் அறுந்திருக்கிறது. புருவம் ஏறினால் 'இங்கே என்ன வேடிக்கை'. கண்ணைச் சுருக்கினால் 'உன்னைப் பிறகு பார்க்கிறேன்'. சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். சூப்பர்வைசர் ஆன பிறகு புருவத்துக்கு வேலை இன்னும் கூடிப்போனது.

கேண்டீனில் முத்துலட்சுமி. என் ஷெட்டில் பழைய ஆள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். கேட்டேன். "நான் ஆள் எப்பிடி?"

டீ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க ஒருத்தரயும் ஒரு சொல்லு வஞ்சது கெடையாது சார்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"ஆனா நீங்க வாரீகன்னா ஆளாளுக்கு மெஷினுக்குப் பின்னால போயிருவோம். நீங்க வஞ்சுட்டாக்கூடத் தேவல. அந்தப் புருவம் இருக்கே."

பக்கத்து மேஜையிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வடையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

முகம் மழிக்கும்போது கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கோபம், சந்தோஷம், 'சும்மா கேட்கிறேன்'. கோபம் வந்தது. சந்தோஷமும் பரவாயில்லை. 'சும்மா கேட்கிறேன்' வரவே இல்லை. எப்படிப் போட்டாலும் ஆளைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கிற முகம். தாடையில் வெட்டிக்கொண்டேன்.

ஒன்று உறுத்துகிறது. ஆலங்குளத்துக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று மகேஸிடம், "ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். கேட்டுத்தான் முடிவு செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகுதான், "உங்க இஷ்டம்ப்பா" என்றாள்.

அந்த நேரம் என் முகத்தில் என்ன இருந்தது? யாரிடம் கேட்பது?

சாயங்காலம் மறுபடி கேட்கப் போனேன். தலை சீவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "என்னப்பா, என்ன தப்பு பண்ணினேன்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

ஜூன் 7, சனி

சாரல், பிறகு வெயில். எனக்கு வார லீவு. மகேஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் லேப் வேலை, ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள். பஸ்ஸில் போகிறவளை, "வா, வண்டியில விடுதேன்" என்றேன். சந்தேகமாகத்தான் ஏறினாள்.

ஊர் தாண்டியதும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவள் கண். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறாள். ஹெல்மெட்டுக்குள்ளும் விடவில்லை. அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன். வயலும் தென்னையும் தெரிந்தன. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

மம்சாபுரம் விலக்கு தாண்டி, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன். "ஆலங்குளம் ஒனக்குச் சம்மதமா? நான் திரும்பமாட்டேன். சொல்லு."

பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "வேண்டாம்ப்பா. வேலைய விட்டுரணும்னு மாப்பிள்ளையோட அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. என்னால முடியாது."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உங்க மொகத்தப் பாத்தேன். விட்டுட்டேன்."

கோபம் வந்தது. ஒளிப்பானேன், நல்ல கோபம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பது? அப்போது ஹெல்மெட்டுக்குள் புருவம் ஏறுவது தெரிந்தது. பல்லைக் கடிப்பதும் தெரிந்தது. எத்தனையோ பேர் பார்த்துப் பயந்த ஒன்று, எனக்கு இன்றுதான் உள்ளேயிருந்து தெரிகிறது. கோபத்துக்கு நடுவிலும் ஆச்சரியமாக இருந்தது.

லேப் வாசலில் இறங்கினாள். போகவில்லை.

"ஹெல்மெட்டக் கழட்டுங்கப்பா."

"நேரமாச்சு, போ."

"கழட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."

கழற்றினேன். பார்த்தாள்.

"கோவமாத்தான் இருக்கீங்க."

"ஆமா. கோவந்தான். அதுக்காக நீ சொன்னத இல்லன்னு ஆக்கமாட்டேன்."

அங்கேயே நின்று ஆலங்குளத்துக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்ட கேள்விகளை எழுத மனமில்லை. நியாயமான கேள்விகள்தான். மகேஸ் லேப் கதவைப் பிடித்தபடி நான் வைக்கும்வரை நின்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

காற்று குறைவு. யாரும் வரவில்லை. நாற்காலிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்ல மறந்துபோய், முற்றம் நிறைய நீல நாற்காலி. சாந்தி நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஆனாலும் ரவை வீணாகக்கூடாது என்று கேசரி கிண்டிவிட்டாள். முந்திரி போடவில்லை.

வீரா எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தது. கிட்டே வரவில்லை, கட்டிலுக்கு அடியிலும் போகவில்லை. அதற்கே குழப்பம்.

மகேஸ் கேசரித் தட்டோடு வந்தாள். "இப்ப என்னப்பா நெனைக்கீங்க?"

"எனக்கே தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

ஒரு நீல நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.