அப்பாவின் இடுப்பளவு

அன்புச் செல்லத்துக்கு அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் நலம், இரண்டு தையல் மிஷின்களும் நலம், உன் அப்பா நலமாகி வருகிறார். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். முன்னறை கடை, பின்னறை வீடு என்று இருக்கிற இடத்தில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். இது அவர் காதில் விழக்கூடாத பேச்சு.

முதலில் வயிற்றுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பாவுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. வயசான காலத்தில் தொந்தி வேறா என்று நானும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவரோ டேப் பழசாகிச் சுருங்கிவிட்டது என்று புது டேப் வாங்கினார். அதுவும் அதே அளவைக் காட்டியதும், இப்போ எல்லாம் டேப்பைக்கூட ஒழுங்கா அடிக்கிறதில்லை என்று கடைக்காரனைத் திட்டினார். வாசலில் ஆள் வரும்போதே கண்ணால் அளவு சொல்கிற மனிதர், தன் அளவுக்கு மட்டும் டேப்போடு சண்டை போட்டார். ஒருநாள் அவர் பேண்டை இஸ்திரி போடும்போது பார்க்கிறேன், உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் பிரித்து முடிந்து, பின்பக்கம் பெல்ட்டுக்குக் கீழே ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறார். நான் பார்க்கக்கூடாதென்று பொத்தானுக்கு நான் எடுக்கிற காஜாவை விட நேர்த்தியாகத் தைத்திருந்தார் திருடர். சட்டையை எடுத்துப் பார்த்தால் தோள் தொங்குகிறது. வயிறு மட்டும் பெருத்து ஆள் இளைத்துப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கடையைப் பூட்டி, பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார், ஒருபக்கமாகப் படுக்கவைத்து மறுபடி தட்டினார், உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றார். குடிப்பீங்களா என்று அவர் கேட்டார், பிறகு நர்ஸ் கேட்டார், ஸ்கேன் எடுத்தவரும் கேட்டார். ஸ்கேன்காரருக்கு மட்டும் உன் அப்பா, டீ குடிப்பேன், சர்க்கரை கம்மியா என்று பதில் சொன்னார். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, கேட்கத்தான் வேண்டுமாம். உன் அத்தைக்குத்தான் தாங்கவில்லை. வயித்துல தண்ணின்னா குடிதான், அண்ணன் உங்களை ஏமாத்துது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொட்டுக்கூடத் தொடாத மனிதர், ஆனால் பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்லும் ஊர். அவள் உனக்கும் ஃபோன் போட்டுவிட்டாள். நீ என்னிடம், அப்பா குடிக்கிறாராம்மா, மறைக்காம சொல்லு என்று கேட்டாயே, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது செல்லம். அவர் பக்கத்தில்தான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டார், மிதிக்கவில்லை. அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் தூங்குறேன்னு சொல்லு என்கிறார். ஃபோன் மணி அடித்ததும் தூங்கிப்போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. தூரத்தில் இருப்பவளுக்கு அரைச் செய்தி போனால் மனசு மீதியைக் கெட்டதாகத்தான் நிரப்பிக்கொள்ளும்.

தண்ணீர் ஏன் வந்தது என்பதைத் தண்ணீரிடமே கேட்டுவிடுவோம் என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் பார்த்து இடப்பக்க அடிவயிற்றில் பேனாவால் புள்ளி வைத்தார். அளந்து குறி போட்டுட்டுத்தான் கை வைக்குது, நல்ல வேலைக்காரப் பொண்ணு என்று உன் அப்பாவுக்கு ஒரே திருப்தி. ஊசி எத்தனாம் நம்பர் என்றுவேறு கேட்டார். மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, பிறகு பெரிய ஊசியை இறக்கி மெதுவாக உறிஞ்சி எடுத்தார்கள். நம் கடையில் வெளுத்த மஞ்சள் லைனிங் துணி இருக்குமே, அந்த நிறம். சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றினார்கள். ஒன்று அணுக்களை எண்ண, ஒன்று புரதம் பார்க்க, ஒன்று கிருமிக்கு. கடைசியாக ஒன்றைத் தனியாக வைத்தார்கள், எதற்கென்று கேட்டேன். புற்றுநோய் இருக்கா என்று பார்க்க, பயப்படாதீங்க என்றார். ரிசல்ட் வரும்வரை நான் எடுத்த காஜா ஒன்றுகூட நேராக இல்லை, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

புற்றுநோய் இல்லை செல்லம். இதைப் படித்து நீயும் ஒருதரம் மூச்சு விட்டுக்கொள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஈரல் கெட்டு வந்த தண்ணீர் என்றால் அதன் புரதம் இரத்தத்தில் உள்ளதைவிட நிறையக் குறைவாக இருக்குமாம். அதற்குத்தான் அன்றைக்கே இரத்தமும் எடுத்திருக்கிறார்கள். இவருக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். ஈரலும் நன்றாக இருக்கிறது. வயிற்றுக்குள் டிபி, இன்னொரு சோதனையிலும் அப்படியே வந்திருக்கிறது. நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் மாத்திரை போடவேண்டும், ஒருவேளைகூட விடக்கூடாது, குணமாகிவிடும் என்றார். அத்தைக்கு நானே சொன்னேன், அழுதாள். அவளும் பாவம், அண்ணன் போய்விடுவாரோ என்ற பயத்தில் உளறியிருக்கிறாள்.

இப்போது தினமும் காலையில் ஒரே இடத்தில் வயிற்றளவு எடுக்கவேண்டும். என்னை நம்பமாட்டார், தானே எடுக்கிறார். அளவு இறங்க ஆரம்பித்துவிட்டது. டேப் நல்ல டேப்பாம்! ஒட்டுத்துணி வைத்த பேண்டைப் பிரித்துச் சின்னதாகப் பிடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. உன் ஊர்க் குளிருக்குக் கோட்டு வேண்டும் என்றாயே, துணி எடுத்து மேசைமேல் விரித்து வைத்திருக்கிறார், வெட்டவில்லை. ஏன் என்று கேட்டால், அவ அளவு மாறியிருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது என்கிறார். உன் அளவு தெரியாதாம், அவருக்கு! கடிதம் என்றைக்கு உன் கைக்கு வருமோ, அதனால் இனி ஞாயிறுதோறும் காலையில் நான் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வேண்டுமென்றே வெளியே போகிறேன். மணி அடித்தால் அவர்தான் எடுக்கவேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்பட்டு வைத்துவிடுவார். தோள், கை, இடுப்பு என்று வரிசையாக அளவைச் சொல், அவர் எழுதிக்கொள்ளட்டும்.

நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்வாய் என் கண்ணே. குளிரில் காதை மூடிக்கொள். டேப்பை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட மறக்காதே.

உன் வரவை எண்ணி இருக்கும்,
அம்மா