டப்பாவில் வரும் காளான்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். போனில் பேசலாமென்றால் பக்கத்துக் கட்டிலில் இவர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால் உங்கள் பக்கம் வரும் பால் வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். காளானைப் பற்றிப் படித்தவளாக இருந்தும், படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல மாட்டேன் என்பவள் நீ.

நேற்று மரக்கடைக்குப் பின்னால், வெட்டிப்போட்ட அடிமரத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. தையல் கத்தரிக்கோலாலேயே நறுக்கி வந்து மதியம் வறுத்தேன். பாப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள். அதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் வெளியே போய்வந்த இவருக்குத்தான் முகம், கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடத்து, ஒரே வாந்தி. வாயில் ஏலக்காய் மணந்தது. உடனே மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தோம்.

டாக்டர் முதலில் கேட்டதே குடித்தீர்களா என்றுதான். இவர் பாப்பா தலையில் கை வைத்து, "சத்தியமா தொடலை டாக்டர்" என்றார். அப்படியானால் இது வேறு விஷமாக இருக்கலாம், சில காளான் இரண்டு நாள் கழித்துத்தான் ஈரலைப் பிடிக்கும் என்றார் டாக்டர். அந்த விஷக் காளானுக்கு இருப்பதுபோல அடித்தண்டில் பை மாதிரி இருந்ததா என்று கேட்டார். நான்தான் மண்ணோடு ஒட்ட நறுக்கிவிட்டேனே, எதைப் பார்த்தேன்? திட்டுவதானால் அப்புறம் திட்டு.

காலையில் நர்ஸிடம் கெஞ்சி ஓடிப்போய் வேரோடு தோண்டி வந்தேன். சாம்பல் நிறம், மணி போன்ற குடை, மேலே செதில் இல்லை. அடியில் பை இல்லை. முற்றியது ஓரத்திலிருந்து மை மாதிரி கறுப்பாக ஒழுகுகிறது. உன் கைக்கு வருவதற்குள் எல்லாமே கரைந்திருக்கலாம். ஆனால் நேற்று நறுக்கியதெல்லாம் இதேதானா? நடுவே வேறொன்று கலந்திருந்தால்?

குடித்தவர்களுக்கு மட்டும் ஆகாத மைக்காளான் ஒன்று உண்டு என்று நீ ஒருமுறை சொன்னாய். இது அதுவாகவே இருக்கட்டும் அக்கா. என் புருஷன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்தவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பா இப்போது சிரித்துக்கொண்டு ஜன்னலில் ஏறி விளையாடுகிறாள். அவள் சிரிப்பதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. டப்பாவைத் திறந்ததும், மூடியில் எழுதியிருக்கும் நம்பரில் டாக்டருக்கு போன் செய்துவிடு.

உன் தங்கை