திருகுபிடி இல்லாத ரேடியேட்டர்

என்றைக்கும் என் மதிப்புக்குரிய அத்தான்,

நீங்கள் போன இடத்திலும் குளிரென்றால், இந்நேரம் அங்கேயும் ஒரு விறகடுப்பை வைத்துக் குழாய் இழுத்திருப்பீர்கள். ஆர்ஜொந்தெய் புறநகர் வீட்டில் நீங்கள் பொருத்திய அடுப்பு, அறைகளையெல்லாம் சூடாக்கிக் குளிக்கச் சுடுதண்ணியும் தந்த அடுப்பு, அணைந்து மூன்று கிழமை. அக்கா கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருக்கிறா. வலது கையில் கட்டு.

அடுப்புச் சுடுதண்ணி ஓடுகிற சின்ன அறை ரேடியேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சனி ஞாயிறில் லா சப்பலில் இருந்து ரயிலேறி ஓசிச் சாப்பாட்டுக்கு வருகிற எனக்கு நீங்கள் தந்த அறை. அந்த ஒன்றுக்கு மட்டும் நீங்கள் திருகி மூடுகிற வால்வு வைக்கவில்லை.

"அத்தான், மறந்துபோனியளோ? இஞ்சை நான் பொரிச்ச கோழியாப் போறன்!"

"மறக்கேல்லையடா. கரண்ட் நிண்டால் தண்ணியைச் சுத்தவிடுற பம்ப் நிக்கும். விறகு நிக்குமோ? அந்தச் சூடு போக ஒரு வழி எப்பவும் திறந்து கிடக்கவேணும். அதிலை கையை வச்சிடாதை."

வைத்தேன், அத்தான். நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் குளிர்காலம். ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒரு வால்வு வாங்கி, வீடியோ பார்த்துப் பொருத்தி, இறுக்கி மூடிவிட்டுச் சுகமாகத் தூங்கினேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் காற்றில் கரண்ட் போனது. அடுப்பு நிறைய விறகு. குழாய்கள் சுவருக்குள் இடித்தன. என்ன சத்தமென்று அக்கா கிட்டப் போன நேரம், அமுக்கம் தாங்காமல் அடுப்பின் பாதுகாப்பு வால்வு திறந்து கொதிதண்ணி அவவின் கையில் பாய்ந்தது. அவ கத்தின பிறகுதான் உங்கள் சொல் எனக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் நான் வைத்த வால்வைத் திறந்தேன். அம்புலன்ஸ் வருவதற்குள், நான் கைவைத்தது ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்க, அதன் திருகுபிடியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டேன். அந்தப் பதற்றத்திலும் அதுக்கு மட்டும் மூளை வேலை செய்தது, பாருங்கோ.

விரல்கள் இனி முழுதாக மடங்காதாம். "அவர் எங்கையோ பிழை விட்டிட்டார் போலை" என்று அக்கா மெல்லச் சொன்னா. லா சப்பல் பக்கம், ஃபொபூர் சேன்-தெனித் தெருத் தேத்தண்ணிக் கடையில் உரத்தே சொல்கிறார்கள்: "அந்தாளின்ரை வேலையாலை மனிசியின்ரை கை போச்சாம்." உலகத்துக் கதையெல்லாம் அவிழ்க்கிற என் வாய், றோல்ஸைக் கடித்தபடி சும்மா இருந்தது.

"என்னண்ணை, இண்டைக்கு உங்கடை வாய்க்கு லீவோ?" என்றார் கடைக்காரர். சிரித்தேன். எப்படி முடிந்தது என்னால்?

வருகிற சனிக்கிழமை உங்கள் மகள் ஆள் பிடித்து அடுப்பைக் கழற்றப்போகிறாள். உங்கள் பிழையென்றே அது வாசலைத் தாண்டும்.

அதற்கு முதல், நாளைக்கே ரயில் ஏறுவேன். அந்தத் திருகுபிடியை அக்காவின் இடது கையில் வைப்பேன். பிறகு தேத்தண்ணிக் கடை மேசையிலும் வைப்பேன். எல்லாரும் வாசிக்க இதைப் பகிரங்கமாக எழுதுவது, நான் பாதி வழியில் இறங்கி ஓடாமல் இருக்கத்தான். அக்கா கதவைச் சாத்தினால் சாத்தட்டும். உங்கள் வேலையில் பிழை இல்லை.

கையை வைத்த உங்கடை மச்சான்,
குகன்