ஈயச் சனம்

கல்குடா
14.06.2010

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு,

நானும் தங்கச்சி நிலக்சியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. சுவிசில் இப்போது வெயில் காலம் என்று சொன்னாய், அதற்காகப் பேரனைத் தலை மூடாமல் வெளியே விடாதே.

தங்கச்சியின் கல்யாணம் ஆவணிக்கு முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வாழைச்சேனை, தங்கமான பிள்ளை, சாப்பிட மட்டும்தான் வாய் திறப்பார், பழகினால் பேசுவார் என்று நினைக்கிறேன். வழமைபோல வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளையும் இங்கேதான் வந்து இருக்கப்போகிறார், அதனால் யோகராசா மாமா இருந்த அறையை வெள்ளையடித்துக் கொடுக்கவேண்டும். அங்கேதான் அவருடைய ரங்குப்பெட்டி கிடக்கிறது. சாகிற நேரத்திலும் என் தம்பிக்கு அந்தப் பெட்டி நினைவுதான். "பெட்டி மருமகளுக்கு. மிச்சம் அவளுக்குத்தான் தெரியும் அக்கா" என்றார், காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நான் விட்டுவிட்டேன். நீயோ போனில், துவக்குப் பிடித்த பொம்மை ஒன்றும் என் பிள்ளையின் கைக்கு வரக்கூடாது, கண்ட சண்டை போதும், குப்பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டாய். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நேற்றுப் பெட்டியைத் திறந்தேன் மகள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கடைசிவரை படி.

அவருடைய சண்டை விளையாட்டு உனக்குத் தெரியாததா. சீமையிலிருந்து தபாலில் எடுப்பித்த பெருவிரல் உயர ஈயச் சிப்பாய்கள், சிவப்புச் சட்டைக்காரர் ஒரு பக்கம், நீலச் சட்டைக்காரர் மறுபக்கம், என் சாப்பாட்டு மேசையில் மணல் கொட்டி மேடு பள்ளம் செய்து அருமைநாயகம் மாஸ்டரோடு தாயம் உருட்டி உருட்டிச் சண்டை பிடிப்பார். நாடு முழுக்க வெடிக்கிறது, வீட்டுக்குள்ளும் உனக்கு இது வேண்டுமா என்று நான் ஏசினால், "என்ட சண்டையில செத்தவனெல்லாம் பின்னேரம் எழும்பிருவான் அக்கா" என்பார். சுனாமியில் கடல் வந்தபோது அப்பாவைக் கொண்டுபோனது, படம் ஒட்டிய அல்பங்களைக் கொண்டுபோனது, இந்தப் பெட்டியை மட்டும் ஈயப் பாரத்தில் அசைக்க முடியாமல் மணலுக்குள் விட்டுவிட்டுப் போனது. ஆளை எடுத்துக்கொண்டு பொம்மையை விட்ட கடலை நான் திட்டாத திட்டில்லை. முகாமில் சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது, அந்தச் சிப்பாய்களை எடுத்துக் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சேறு போனது, உப்பில் ஊறிய பெயின்ற்றும் சேர்ந்து போனது. மாமா ஒரு சொல் ஏசவில்லை. இனி ஆர் எந்தப் பக்கம் என்று ஒருத்தருக்கும் தெரியாது அக்கா என்று சிரித்தார்.

அதன்பிறகு அவர் விளையாடவே இல்லை. கொக்கட்டிச்சோலைப் பெரியம்மா வீட்டில் தப்பியிருந்த உன் கல்யாண வீடியோவை வாங்கிவந்து, அறையைச் சாத்திக்கொண்டு ஓடவிடுவதும் நிறுத்துவதும்தான் வேலை. நாடா அறுந்துவிடும் என்று நான் கத்துவேன், காதில் விழாது. போன வருசம் நாட்டுச் சண்டை முடிந்த பிறகும் அதே கதைதான்.

உள்ளே என்ன செய்தார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பெட்டியில் ஒரு சிப்பாயும் இல்லை மகள். துவக்குகளை எல்லாம் அரத்தால் ராவி எடுத்துவிட்டார். அதே ஈயத்தில் இப்போது உன் கல்யாண வீட்டுச் சனம் நிற்கிறது. பச்சைச் சேலையில் முக்காடு போட்ட காத்தான்குடி ஆயிஷா உம்மா, மூக்குக் கண்ணாடியோடு அருமைநாயகம் மாஸ்டர், பட்டு வேட்டியில் பன்னீர்ச் செம்பு பிடித்தபடி அப்பா, அவருடைய தொப்பையையும் மெழுகு வைத்துச் செய்திருக்கிறார். கடல் கொண்டுபோனவர்கள், சண்டை கொண்டுபோனவர்கள், நீ, நான், எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம். நானும் நிலக்சியும் வீடியோவைப் போட்டு ஆளாளாகப் பார்த்தோம், ஒரு சேலைக் கரையில்கூடப் பிழை இல்லை. அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன், பிறகு என் மூக்கை இவ்வளவு பெரிதாகவா வைப்பது என்று சிரிப்பும் வந்தது.

ஒருவர் மட்டும் பெயின்ற் இல்லாமல் வெறும் ஈயமாக நிற்கிறார். அது மாமா. வீடியோ எடுத்தவர் அவர்தானே, அதனால் அவர் ஒரு இடத்திலும் விழவில்லை. அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார் என்று அவருக்கே மறந்துவிட்டது போலும். எனக்கும் நினைவில்லை, நிலக்சி அப்போது சின்னவள். ஆனால் கடைசியில், நீ கொழும்புக்கு வெளிக்கிட வான் வண்டி வந்து நிற்கும் இடத்தில், படம் தலைகீழாகிறது. முற்றத்து மணலும் உன் கால்களும் அவர் கால்களும் தெரிகின்றன, உன் அழுகை மட்டும் கேட்கிறது. கமராவைக் கையில் தொங்கவிட்டபடி உன்னை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நீ உன்னிடம் உள்ள வீடியோக் கொப்பியை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், இதற்குப் பார்க்கவும் தேவையில்லை. உன் முகம் அந்தச் சட்டைக்குள்தான் இருந்தது.

மருமகனோடு முகம் கோணாமல் நட. பேரனை உச்சி முகர்ந்தேன் என்று சொல், பிள்ளையார் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு யோசி. சட்டை என்ன நிறம் என்று மட்டும் மறக்காமல் எழுது, பெயின்ற் டப்பாக்கள் காய்ந்துவிடாமல் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
சீதேவிப்பிள்ளை