வைரஸ் எட்டிப் பார்க்காத கம்ப்யூட்டர்

உங்களை எழுப்பி, நேற்றைய சண்டையை முடித்துவிட்டுப் போகலாமா என்று கட்டிலருகே நின்றேன். தூங்கும் முகத்தோடு சண்டை போட மனம் வரவில்லை.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

"உன் விண்டோஸ் திறந்த வீடுடி, எந்த நாயும் நுழையும். என் லினக்ஸ்ல வைரஸ் எட்டிக்கூடப் பாக்காது" என்று எத்தனை வருடம் கேலி செய்தீர்கள்! உண்மைதான், அதுவாக நுழையவில்லை. ஓசியில் படம் பார்க்க எதையோ இறக்கினீர்கள். அது பாஸ்வேர்டு கேட்டது. நீங்களே கொடுத்து உள்ளே விட்டீர்கள்.

பி.கு.: நேற்று என் லேப்டாப்பின் பாஸ்வேர்டை மூன்று தடவை கேட்டீர்கள். நான் பாதி மொழிபெயர்த்த புத்தகம் அதில்தான் இருக்கிறது. கோபமெல்லாம் போய்விட்டது, நம்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் இங்கே எழுதவில்லை.