கூரையில் கை வைக்காத நாட்கள்

வைகாசி 4, திங்கள்
விடியவே கச்சான் காற்று, அனல். அக்காவின் அறையில் சீலிங் பலகை விழுந்து கிடக்கிறது. கறையான். நல்ல காலம், கட்டிலில் விழவில்லை. பாரிசவாதத்தில் வாயும் ஒரு பக்கமும் போன மனுசி, விழுந்திருந்தாலும் கத்தியிருக்க மாட்டா. இனித் தகரத்துச் சூடு நேரே அவவின் முகத்தில்.
பூ, எலுமிச்சம்பழம் வாங்க வேணும். கூரை வேலை பாஸுக்குப் போன்.

வைகாசி 5, செவ்வாய்
கிண்ணியாவிலிருந்து நசீர் பாஸ் வந்தார். ஏணி வைத்துப் பார்த்தார்.
"தகரத்தைக் கழட்டி, கட்டை மாத்தி, பலகை அடிக்கோணும். நாளைக்கே ஏறுறன் அம்மா."
"ஏலாது தம்பி. அக்கினி நட்சத்திரம் முடியாமல் கூரையில கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது."
"வெயில் நாள் பாத்தா சுடுது?" சிரித்தார்.
போகும்போது சாமி அறையை எட்டிப் பார்த்தார். வீட்டில் ஓடு போட்டது அது மட்டும். "இது சில்லெண்டு கிடக்கு. அவவை இதில கிடத்தலாமே."
மூத்திரச் சீலையோடு, சாமிக்கு முன்னால்? பிளேன்டீ கொடுத்து அனுப்பினேன்.

வைகாசி 7, வியாழன்
கிணற்றடியில் நின்று தகரத்துக்குத் தண்ணீர் எறிந்தேன். சீறிவிட்டுக் காய்ந்தது. அக்காவின் முதுகில் கொப்புளம். கஞ்சி இறங்கவில்லை. திருநீறு பூசினேன். அக்கா என்னையே பார்த்தபடி கிடந்தா.
பக்கத்து வீட்டு மலர் வந்தாள். "மாமி, உங்கட சாமிக்கு நல்ல குளிர். பெரியமாமிதான் வேகிறா."
வாய்க்காரி. மாங்காய் கொண்டு வந்தவள், நான் வாங்கவில்லை.

வைகாசி 9, சனி
அக்காவுக்குக் காய்ச்சல். நாக்கில் வெடிப்பு. நாளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பாஸுக்குப் போன் எடுத்தேன்.
"நீங்கள் தள்ளி வரச் சொன்னதால மூதூரில ஒரு வீட்டுக் கூரையைக் கழட்டிட்டன் அம்மா. சனம் குஞ்சு குருமானோட வெளியில கிடக்கு. விட்டுட்டு வர ஏலாது."
ஓம் என்றேன்.
பின்னேரம் மலரைக் கூப்பிட்டேன். முதலில் பிள்ளையாரைச் சாமி அறையிலிருந்து தூக்கினோம். பிறகு அம்மன், படங்கள், குத்துவிளக்கு. எல்லாம் தகரத்துக்குக் கீழே, அக்காவின் கட்டிலடியில். அக்காவைப் பாயோடு தூக்கிச் சாமி அறையில் கிடத்தினோம். விளக்கு நின்ற இடம் நனைந்து போனது. துடைத்தேன். மலரிடம் அந்த மாங்காயைக் கேட்டு வாங்கினேன்.

வைகாசி 10, ஞாயிறு
டொக்டர் வந்து போனார். "ஆஸ்பத்திரிக்கு ஏத்தினா வழியில தாங்க மாட்டா. இந்த அறையிலேயே இருக்கட்டும். நல்ல குளிர்."
அவரும் அதையேதான் சொல்கிறார்.
சாமிகள் இருக்கும் அக்காவின் அறைக்கு விளக்கு வைக்கப் போனேன். பிள்ளையாருக்கு வைத்த பூ கருகி. படக் கண்ணாடி தொட ஏலாத சூடு. கொளுத்தாமலே திரும்பி வந்தேன். அக்காவுக்கு விசிறினேன். கண் மூடியபடி கிடக்கிறா. நெற்றி கொதிக்கிறது. உள்ளங்கால் மட்டும் சில்லென்று.