இழைப்பு மெஷினைக் கழற்றிப் பார்த்தேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மருமகளும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படியே இருங்கள். அப்பா கடிதமெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டாரே, என்ன ஆச்சோ என்று பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாகப் பார்க்கிறேன், நீ சாப்டீங்களாப்பா என்று கேட்பதும் நான் ஆச்சுப்பா என்பதுமாகவே பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தில்தான் எனக்கு வாய் வரும் போலிருக்கிறது.

உன் அம்மா போய் இந்த மாதத்தோடு பதினான்கு மாதம். வீட்டில் சத்தம் என்றால் ஃபிரிட்ஜ் சத்தம்தான். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை, ஒன்று மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் பற்றவில்லை. சாயங்காலம்தான் நகரவே மாட்டேன் என்கிறது. இரும்புக்கடைக்குப் போய் வேண்டாத ஸ்க்ரூவாக வாங்கி வருகிறேன், கடைக்காரர் இரண்டு வார்த்தை பேசுவாரே என்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அப்படிப் பொழுது போகாத ஒரு நாளில்தான் பின்பக்கத்துப் பட்டறையைத் திறந்து, தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நம் பழைய மரம் இழைக்கிற மெஷினை மறுபடி ஓட வைப்போம் என்று உட்கார்ந்தேன். நீ கிடங்கு வேலைக்குக் கிளம்பிப் போன மாதம் மூடியது, பதினோரு வருடமாகிறது.

துரு என்றால் அப்படியொரு துரு. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து நகமெல்லாம் கறுத்துப் போனது. பேரிங் இரண்டையும் மாற்றினேன், பெல்ட் தொட்டதும் பொடிந்தது, பிளேடு மூன்றையும் சாணை பிடித்து வாங்கினேன். மரம் வெட்டுப்பட்டு வந்து இறங்குகிற பக்கத்து மேடை இருக்கிறதே, அதன் போல்ட்டு மட்டும் அசைவேனா என்றது, நம் வீட்டு ஆண்பிள்ளைகள் மாதிரி. கடைசியில் வெல்டிங்காரர் வந்து சூடு காட்டிக் கழற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு மேடையைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது, அது உட்காருகிற சந்தில் ஒரு தாள் ஒட்டிக் கிடந்தது. அழுக்கு என்று சுரண்டப் போனேன், பார்த்தால் காலண்டர் தாள். எட்டாக மடித்து, எண்ணெய் ஊறி, ஒரு பக்கம் கூழாகி நசுங்கி இருந்தது. பிரித்தேன். ஓரத்தில் பென்சிலால் தகடு வாங்கணும் என்று எழுதியிருந்தது, என் கையெழுத்து. தேதியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூலகத்துக்கு நாம் மேசை செய்தோமே, அதற்கு முந்தின வாரம்.

கூரை ஒழுகுகிறது என்று மெஷினை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தினேன் இல்லையா, நகர்த்தியதில் அந்த மேடையின் வெளி நுனி கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. ஒரு மயிரிழைதான். நாளைக்குப் பித்தளைத் தகடு வாங்கி வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு இது போதும் என்று காலண்டர் தாளைக் கிழித்து மடித்து மேடைக்கு அடியில் முட்டுக்கொடுத்தேன். அப்புறம் வேலை மும்முரத்தில் சுத்தமாக மறந்துபோனேன். தாள் எத்தனை நாள் தாங்கும், நசுங்கி நுனி மறுபடி தாழ்ந்திருக்கிறது. நுனி தாழ்ந்தால் பலகையின் நடுவில் பள்ளம் விழும், இரண்டு பலகையைச் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். நீ இழைத்த பலகை அத்தனையிலும் அப்படித்தானே தெரிந்தது.

நீ அன்றைக்கே சொன்னாய், மெஷின்லதாம்பா கோளாறு, மேடையக் கழட்டிப் பாத்துடலாம் என்று. நான் கேட்டேனா. நூலகத்துக் குமாஸ்தாவும் இரண்டு லோடுக்காரர்களும் நிற்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே, மெஷினக் குறை சொல்றதுக்கு முன்னாடி உன் கையப் பாரு, உனக்கெல்லாம் இந்த வேலை வராது, போய் வேற பொழப்பப் பாரு என்றேன்.  நீ மரச்சீவலைக் கூட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாய். அன்று இரவு உன் அம்மா, புள்ள சொல்றான்ல, ஒரு தடவ கழட்டித்தான் பாருங்களேன் என்றாள். உனக்கென்னடி தெரியும் என்றேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது அவளிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.

தகடு வெட்டி வைத்து, மெஷினைப் பூட்டி, இரண்டு பலகை ஓட்டிச் சேர்த்துப் பார்த்தேன். வெளிச்சம் ஒரு பொட்டுகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், மெஷினை நிறுத்திவிட்டுப் பலகைகளை ஓரமாகச் சாய்த்தேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று தோன்றியது. லோடுக்காரர்கள் எங்கே இருக்கிறார்களோ. குமாஸ்தா ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு, சட்டை மாற்றிப் போனேன். டீ கொடுத்தார். நான் நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு என் மேலதாங்க, பையன் மேல இல்ல என்றேன்.  எந்த மேசைங்க, எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு என்றார் அவர். அப்புறம், உங்களுக்குப் பையன் இருக்கானா, எங்க இருக்கான் என்று கேட்டார்.  எவன் முன்னால் கௌரவம் என்று நினைத்து உன்னை விட்டுக்கொடுத்தேனோ, அவனுக்கு உன் முகமே நினைவில்லை.

அதனால் உன்னிடமே சொல்கிறேன். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. உனக்கு நல்ல கை. இப்போது நீ செய்கிற மாதிரி கிடங்கில் பெட்டி தூக்குவதற்கான கையில்லை அது, இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, வரட்டும். திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை, அதற்காக இதை எழுதவுமில்லை.

பளு தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. சின்னவளுக்குக் காதுவலி என்றாயே, ஈரத் தலையோடு வெளியே விடாதீர்கள். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. கோபமிருந்தால் நாலு வரி திட்டி எழுது, படித்துக்கொள்கிறேன். பெரிய மனசு பண்ணி, அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. நீயும் அப்படிச் சொல்லிவிட்டால் நான் வேறு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா